அண்ணன் கொண்டுவந்த பூண்டு

அரூர்ப் பக்கத்து வண்டி ஏரிக்கரை திரும்பிவிட்டது என்று கேட்டதும் மாதம்மாள் கையிலிருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். முறத்தில் இருந்த கொத்தமல்லி கோழிகளுக்குப் போனது. போகட்டும்! விடிந்தால் மகனுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் வராவிட்டால் பத்தர் ஊசியைக் கையால் தொட மாட்டார். அண்ணன் தர்மனுக்கோ மூக்குக்கு மேல் கோபம். ஒரு பொங்கலுக்குச் சரியாக உபசரிக்கவில்லை என்று அடுத்த பொங்கல் வரைக்கும் பேசாமல் இருந்தவன். அவன் வண்டி மாட்டின் கொம்பைக் கண்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

வண்டி வருவதற்கு முன்னால் அதன் வாசனை வந்துவிட்டது. பூண்டு. ஒரு கொத்து, இரண்டு கொத்து வாசனை இல்லை. தெருவே திரும்பிப் பார்க்கிற வாசனை. அண்ணி கோவிந்தம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் பெரிய பெரிய மூட்டைகள் வண்டியை அடைத்துக் கிடந்தன.

"என்னாண்ணே இது? சந்தையையே அள்ளிக்கிட்டு வந்துட்டியா?"

"மலைப்பூண்டு, மாதி." தர்மன் மீசையைத் தடவிக்கொண்டான். "என் தங்கச்சி புள்ளைக்குக் காது குத்து. சீர்ல வேற எது கொறைஞ்சாலும் கொறையட்டும், குழம்பு சப்புன்னு இருந்துச்சுன்னு ஒருத்தன் வாயைத் தொறக்கக் கூடாது. அத்தனையும் போட்டுடு. மிச்சம் வெக்காதே."

"அத்தனையுமா! ஊரே ஒரு வருசம் தின்னலாமே!"

"போடுன்னா போடு. அண்ணன் சொன்னா கேளு."

மாதம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்த வீட்டிலிருந்து எது வந்தாலும் பெண்களுக்கு அப்படித்தான். ஒரு கட்டு கீரை வந்தாலும் ஊரைக் கூட்டிக் காட்டுவார்கள். இவளுக்கு மூட்டை மூட்டையாக வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுச் சாலம்மாளைக் கூப்பிட்டு, "பாத்தியா எங்கண்ணன?" என்று சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. சாலம்மாள் பார்த்தாள். எதையோ சொல்ல வந்தவள் வாயை மூடிக்கொண்டாள்.

மாதம்மாளின் புருசன் நஞ்சப்பன் கெட்டவன் இல்லை. இதை அவள் யாரோடு வேண்டுமானாலும் சண்டை போட்டுச் சொல்லுவாள். அவன் ஏர் பிடித்தால் நூல் பிடித்தது போல் சால் ஓடும். மாட்டைக்கூட அதட்டத் தெரியாதவன். ஆனால் இண்டூருக்குப் போகிற பாதையில் அந்தக் காலத்தில் ஒரு கள்ளுக்கடை இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு சாராயக்கடை. இரண்டையும் தாண்டி வீடு வந்து சேருகிற கால் அவனுக்கு வாய்க்கவில்லை. அவர்களுக்கு முதலில் ஒரு பெண் பிறந்தது, செல்லி என்று பெயர். பேச ஆரம்பித்த வயதில் அதற்கு விஷக்காய்ச்சல் வந்தது. வைத்தியரைக் கூட்டி வருகிறேன் என்று ஓடினவன் கடையில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்சம் குடித்தால் காலுக்குத் தெம்பு வரும், வேகமாக ஓடலாம் என்று நினைத்தானாம். அவன் வந்து சேர்ந்தபோது தெருப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

அவனும் அழுதான். சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அழுதுவிட்டு மறுபடியும் அதே கடைக்குத்தான் போனான். என்ன செய்வது, அது அப்படிப்பட்ட சனியன்.

அப்புறம்தான் மதுவிலக்கு வந்தது. அப்போது தருமபுரியும் சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. ராஜதானியிலேயே முதல் முதலில் எங்கள் ஜில்லாவில்தான் கடைகளை மூடினார்கள். ஆண்கள் எழவு விழுந்த மாதிரி தெருவில் உட்கார்ந்திருக்க, மாதம்மாள் ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு போய் மூடின சாராயக்கடைக் கதவுக்கு முன்னால் சூடம் ஏற்றி உடைத்துவிட்டு வந்தாள். சிரிக்காதீர்கள், நிசமாகவே உடைத்தாள்.

சட்டம் கடையை மூடியதே தவிர, காட்டுக்குள் சாராயத்துக்கு வேலம்பட்டை ஊறுவதை மூட முடியவில்லை. அதனால் மாதம்மாள் தன் வீட்டுக்குத் தனியாக ஒரு சட்டம் போட்டாள். பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தால் நஞ்சப்பன் வாசற்படியில் நின்று குனிய வேண்டும்; அவள் முகத்துக்கு நேரே வாயால் ஊத வேண்டும். அவள் மோந்து பார்த்துத் தலையாட்டினால்தான் உள்ளே போகலாம், சோறு தின்னலாம். முதலில் அவன் கத்தினான். ஆம்பளையை மோந்து பார்க்கிற பொம்பளை எந்த ஊரில் இருக்கிறாள் என்று குதித்தான். அவள் நகரவில்லை. ஊர்க்காரர்கள், "நஞ்சப்பன் வூட்டுல கலால் ஆபீசு தொறந்தாச்சு" என்று கேலி செய்தார்கள். நாளாக நாளாக அவனுக்கே அது பிடித்துப் போயிற்று. ஊதுவதற்கு முன்னால் கண்ணை உருட்டி அவளைச் சிரிக்க வைப்பான். வெறும் மோர் வாசனையும் பச்சை வெங்காய வாசனையுமாக அவன் ஊதினதை மோந்து மோந்துதான் அவளுக்கு அவன்மேல் மறுபடியும் நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கைக்குப் பிறகு பிறந்தவன்தான் இப்போது காது குத்தப் போகிற காளியப்பன்.

ஆகவே, அவள் வாழ்வதும் சாவதும் புருசன் வாயிலிருந்து வருகிற மூச்சில் இருந்தது. இதை அவள் அண்ணனும் அறிவான்.

அன்று மத்தியானமே பெண்கள் களத்தில் பாய் விரித்துப் பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். மலைப்பூண்டு பொடிப்பல், ஒவ்வொன்றாக நகத்தால் உரித்தால் காது குத்து முடிந்து கல்யாணமே வந்துவிடும். மாதம்மாளுக்கு அதற்கு ஒரு வழி தெரியும். பல்லை உதிர்த்து, விளக்கெண்ணெய் தடவி, வெயிலில் சுடச்சுடக் காயவைத்து, கோணிச்சாக்கில் போட்டு இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் புரட்ட வேண்டும். அப்புறம் முறத்தில் கொட்டிப் புடைத்தால் தோல் எல்லாம் பறந்துபோய் முத்து முத்தாகப் பல் நிற்கும். தோல் பறந்து எல்லோர் தலையிலும் ஒட்டியது. கண்ணெல்லாம் எரிந்தது. சாக்கின் மறுமுனையைப் பிடித்திருந்த சாலம்மாள் மட்டும் எதுவும் பேசாமல் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னாடி, மூஞ்சியை இப்படித் தூக்கி வெச்சிருக்கே? எங்கண்ணன் சீர் கொண்டாந்தது உனக்குக் காந்துதா?"

சாலம்மாள் சாக்கைக் கீழே வைத்தாள். "உனக்கு நெசமாவே தெரியாதா, மாதம்மா?"

"என்னா தெரியாதா?"

"இவ்ளோ பூண்டு எதுக்குன்னு. பானைய எறக்கறதுக்கு எங்க வூட்டு ஆளைத்தான் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாங்க, அது சொல்லிச்சு. சொல்லாதேன்னுதான் சொல்லிச்சு. உங்கண்ணன் வண்டியில பூண்டு மேலதான் இருந்துது. அடியில பானை. சித்தேரி மலையடிவாரத்துச் சாராயம். வழியில போலீசுக்காரன் நிறுத்தினாலும் பூண்டு நாத்தத்துல ஒண்ணும் தெரியாதுன்னு மேல மூட்டையப் போட்டுக்கிட்டு வந்திருக்காங்க. இப்ப உங்க வைக்கோப்போருக்குள்ளதான் இருக்குது."

மாதம்மாள் கையிலிருந்த சாக்கு முனையை விட்டாள். எழுந்து நேராக வைக்கோல் போருக்குப் போனாள். கையை விட்டுத் துழாவினாள். பானையின் கழுத்து கையில் தட்டுப்பட்டது. துணியால் வாயைக் கட்டி, மேலே மண் பூசியிருந்தது. ஒன்றல்ல, வரிசையாக இருந்தன. போருக்கு அந்தப் பக்கம் அண்ணனும் புருசனும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, இது என்னா?"

தர்மன் அவளைப் பார்த்துப் பயப்படவில்லை. ஏன் பயப்பட வேண்டும்? தாய்மாமன் அவன். "கத்தாதே. தாய்மாமன் வந்து நிக்கற கறி விருந்துல தண்ணி இல்லேன்னா என் பங்காளிங்க எவனும் கை நனைக்க மாட்டான். எனக்கு மரியாதை வாணாமா?"

"சர்க்காரு ஆளு மணியக்காரரு விருந்துக்கு வராரு. தெரிஞ்சா வெலங்கு மாட்டி இழுத்துக்கிட்டுப் போவாங்க!"

"அதுக்குத்தானே பூண்டு!" தர்மன் சிரித்தான். "குழம்புல பூண்டு, வறுவல்ல பூண்டு, தொட்டுக்கச் சுட்ட பூண்டு. மணியக்காரரும் அதையேதான் திங்கப் போறாரு. எல்லார் வாயும் ஒரே மாதிரி நாறினா எவன் குடிச்சான் எவன் குடிக்கலைன்னு எந்தச் சாமிக்குத் தெரியும்?"

"நான் பானைய ஒடைக்கிறேன்."

"ஒடை. நான் வண்டியப் பூட்டறேன். உம் புள்ளைய நீயே மடியில வெச்சுக் காது குத்திக்க."

அவள் கை தானாகத் தாழ்ந்தது. தாய்மாமன் கோபித்துக்கொண்டு போன பிள்ளை என்று காளியப்பனை ஆயுசுக்கும் பேசுவார்கள். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். மாற்று மடி கிடையாது. அவள் புருசனைப் பார்த்தாள்.

"மாமா, உனக்கு இது தெரியுமா?"

"எனக்கே இப்பத்தான் தெரியும், மாதி." நஞ்சப்பன் அண்ணன் காதில் விழாதபடி அவளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான். அவன் முகம் வெளுத்திருந்தது. "பயப்படாதே. வந்தவங்க குடிச்சிட்டுப் போவட்டும். நான் தொட மாட்டேன். நம்ம புள்ளை தலை மேல சத்தியமா தொட மாட்டேன்."

பிள்ளை தலை மேல் சத்தியம் செய்துவிட்டு மாறுகிறவன் இல்லை அவன். மாதம்மாள் தலையாட்டினாள். திரும்பி வந்து சாக்கைப் பிடித்தாள்.

மறுநாள் காலையில் முனியப்பன் கோயிலில் கிடா வெட்டினார்கள். பிள்ளைக்கு மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மாமன் மடியில் வைத்தார்கள். பத்தர் ஊசி குத்தியதும் காளியப்பன் வீறிட்டான். தர்மன் அவனைத் தூக்கிக் கொஞ்சிக் கையில் ஒரு வெல்லக்கட்டியைத் திணித்தான். அழுகிற பிள்ளையைப் பார்க்கக்கூட மாதம்மாளுக்கு நேரமில்லை. அவள் அடுப்படியில் நின்றாள்.

களத்து ஓரத்தில் கல் கூட்டி, பெரிய அண்டாவை ஏற்றியிருந்தார்கள். செக்கு எண்ணெய் காய்ந்ததும் ஒரு கூடைப் பூண்டை அப்படியே கவிழ்த்தாள். சடசடவென்று பொங்கிப் பொரிந்தது. பூண்டு வெளுத்து, மஞ்சளாகி, ஓரம் சிவக்கிற வரைக்கும் துடுப்பு போட்டுக் கிளறினாள். அம்மியில் அரைத்த பூண்டு ஒரு குண்டான் இருந்தது; அதையும் போட்டு, பச்சை வாடை போக வதக்கி, மிளகாயும் மல்லியும் அரைத்த விழுதைச் சேர்த்து, கறியைக் கொட்டினாள். அடுத்த அடுப்பில் பல்லோடு சேர்த்து வறுவல். மூன்றாவது அடுப்புத் தணலில் தோலோடு சுடுகிற பூண்டு. நல்ல நாளாக இருந்தால் அந்த வாசனைக்கு அவளே ஒரு கவளம் அள்ளித் தின்றிருப்பாள். அன்று ஒவ்வொரு கூடை கவிழ்க்கும்போதும், நான்தான் மறைக்கிறேன், நான்தான் மறைக்கிறேன் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

களத்தில் பந்தி நடந்தது. ராகிக் களி ஒரு பக்கம், விருந்தாளிகளுக்கு நெல்லுச்சோறு ஒரு பக்கம். மணியக்காரர் ஜிப்பா போட்டுக்கொண்டு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்து மூக்கு வியர்க்கத் தின்றார். வைக்கோல் போருக்குப் பின்னால் வேறொரு பந்தி நடந்தது. அங்கே வீட்டுக்காரன்தான் முதல் சொட்டு ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்று தர்மன் சொல்லிவிட்டான். வீட்டுக்காரன் கையால் வாங்கிக் குடித்தால்தான் மரியாதை. பழைய காலத்திலிருந்து அப்படித்தான். நஞ்சப்பன் போனான். அங்கிருந்து, "ஊத்து நஞ்சப்பா!", "நீயும் போடு மாப்ளே!" என்று சத்தம் கேட்டது. அப்புறம் பெரிய சிரிப்பு. அவன் சிரிப்பும் அதில் இருந்த மாதிரி அவளுக்குக் கேட்டது. ஒவ்வொரு சிரிப்புக்கும் அவள் துடுப்பு நின்றது. போய்ப் பார்க்கலாம் என்றால் அடுப்பை விட்டு நகர முடியவில்லை. ஆம்பளைகள் குடிக்கிற இடத்துக்குப் பெண்பிள்ளை எப்படிப் போவாள்?

பொழுது மேற்கே சாய்ந்தது. கடைசிப் பந்திக்கு அண்டாவின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது நஞ்சப்பன் வந்தான். வேர்வையில் குளித்திருந்தான். கண் சிவந்திருந்தது. தோள் துண்டு நனைந்திருந்தது. ஆனால் முகம் மட்டும் பரீட்சையில் தேறின பள்ளிக்கூடத்துப் பையன் முகம் போல் இருந்தது. ஊரார் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அடுப்பங்கரையிலேயே அவள் முன்னால் வந்து குனிந்தான்.

"மோந்து பாரு, மாதி."

ஊதினான்.

பூண்டு. அவளுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பூண்டிலேயே கிடந்த மூக்கு அது, செத்துப் போயிருந்தது. அவனும் அவள் கையால் வைத்த கறியைத் தின்றவன். இன்னொரு தடவை ஊதினான். பூண்டு. அதற்குள் அவன் தோள் துண்டிலிருந்து குப்பென்று சாராய வாடை அடித்தது. அது மட்டும் அவளுக்குத் தெரிந்தது! ஐயோ, அது தெரிந்ததே!

"நாறுது," என்றாள்.

"துண்டுடி அது. குடிச்சிட்டு ஆடினவன் எவனோ எம்மேல கொட்டிட்டான். நான் தொடலை."

"தொட்டிருந்தாலும் இதத்தான் சொல்லுவே."

"மாதி, புள்ளை மேல சத்தியம் பண்ணியிருக்கேன்."

முந்தின நாளிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அவளுக்குள் பொங்கிவிட்டது. அண்ணனிடம் சொல்ல முடியாதது, ஊராரிடம் சொல்ல முடியாதது, தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியாதது, எல்லாம் எதிரில் நின்ற மனுசன் மேல் கொட்டியது. "சத்தியமா! உன் சத்தியத்த எந்தப் பக்கம் மோந்து பாக்கறது? செல்லிய வாரிக் குடுத்தது பத்தலையா? இவனையும் குடுக்கணுமா உனக்கு?"

செல்லி செத்ததிலிருந்து அன்றுவரைக்கும் அந்தப் பெயரை அவன் முகத்துக்கு நேரே அவள் எடுத்ததில்லை. எத்தனையோ சண்டை போட்டிருக்கிறாள், சோறு போடாமல் இருந்திருக்கிறாள், அந்தப் பெயரை மட்டும் எடுத்ததில்லை. வாயை விட்டுப் போன பிறகு அவளுக்கே காது அடைத்தது.

நஞ்சப்பன் நிமிர்ந்தான். துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்தான், மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டான். அப்படியே திரும்பி நடந்தான். அவள் கூப்பிடவில்லை. போகட்டும், குடித்தவனுக்கு ரோசம் வேறு என்று கரண்டியை அண்டாவில் ஓங்கிப் போட்டாள். கடைசிப் பந்திக்காரர்கள் குழம்பு குழம்பு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஊற்றினாள்.

இலை எடுத்த பிறகு அண்ணி கோவிந்தம்மாள் வந்தாள். வந்ததே சண்டைக்குத்தான், கை இரண்டும் இடுப்பில் இருந்தன.

"மாதம்மா, உன் வூட்டுக்காரரு பண்ணினது உனக்கு நல்லா இருக்குதா? உங்கண்ணன் மூஞ்சி தொங்கிப் போச்சு."

"அவரு என்னா பண்ணாரு?" மாதம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். குடித்துவிட்டு யாரையாவது அடித்துவிட்டானோ என்று நினைத்தாள்.

"என்னா பண்ணாரா? அத்தனை பங்காளிங்க முன்னால உங்கண்ணன் தன் கையால சொம்ப நீட்டினாரு. எல்லாரும் நீயும் போடு போடுன்னு கையப் புடிச்சு இழுத்தாங்க. ஒருத்தன் வாயில ஊத்தப் பாத்தான், துண்டெல்லாம் கொட்டிப் போச்சு. அப்பவும் ஒரு சொட்டு உள்ள விடலையே அந்த மனுசன்! பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னாரு. கடைசியில என்னா பண்ணாரு தெரியுமா? தான் மாப்பிள்ளைன்னு பாக்காம, இது மச்சான் கால்னு பாக்காம, உங்கண்ணன் கால்ல விழுந்துட்டாரு. 'என்னைய வுட்டுடு மச்சான், மாதி கிட்ட நான் ஊதிக் காட்டணும்'ன்னு அழுவறாரு. எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சுட்டாங்க. உங்கண்ணனுக்கு எவ்ளோ அவமானம்! இப்படியாடி ஒரு ஆம்பளைய ஆட்டி வெப்பே?"

அண்ணி அதற்கப்புறமும் பேசினாள். சீர் கொண்டுவந்தவர்களுக்கு இதுதான் மரியாதையா என்று கேட்டாள். மாதம்மாள் காதில் விழவில்லை. அவள் கேட்ட சிரிப்பு அவன் சிரிப்பு இல்லை. அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. அடி ஆத்தா, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று அவள் கரியும் எண்ணெயும் ஒட்டின கையோடு ஓடினாள்.

வீட்டுக்குள் பார்த்தாள். மாட்டுக் கொட்டகையில் பார்த்தாள். கிணற்றங்கரைக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது, அதைப் பார்த்து அவளுக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் வைக்கோல் போருக்குப் பின்னால் போனாள்.

குடித்தவர்கள் எல்லோரும் எழுந்து களத்துப் பக்கம் போயிருந்தார்கள். நஞ்சப்பன் மட்டும் காலை நீட்டிப் போரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மண் பூச்சு உடைத்த பானை ஒன்று அவன் மடியில் இருந்தது. இன்னொன்று கவிழ்ந்து கிடந்தது. மோந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அந்தக் கண்ணை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"மாமா!" அவள் மண்ணில் உட்கார்ந்து பானையைப் பிடுங்கினாள். அவன் விட்டுவிட்டான், அது காலியாகத்தான் இருந்தது. "அண்ணி சொன்னாங்க மாமா. எல்லாம் சொன்னாங்க. எனக்குத் தெரியலை மாமா. எம் மூக்கு எழவெடுத்த மூக்கு, எனக்கு ஒண்ணும் தெரியலை."

"உனக்கு எப்படித் தெரியும்?" நாக்கு குழறியது, ஆனால் கோபமில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நான் குடிச்சேன்னு நீ சொன்னப்போ அது பொய்யாத்தான் இருந்துச்சு மாதி. நான் செல்லிய நெனச்சேன். நெனச்சுக்கிட்டே இங்க வந்து உக்காந்தேன். பானை பக்கத்துலயே இருந்துச்சு."

"இன்னிக்கு ஒரு நாள்தான் மாமா. நாளைக்கு வுட்டுடலாம். நான் இருக்கேன், நான் பாத்துக்கறேன். ஒரு நாள்தானே?"

ஒரு நாளா என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே, மாதி," என்றான். பிறகு அப்படியே பக்கவாட்டில் சரிந்து வைக்கோலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அவள் அவன் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல் அழுதாள். அந்தப் பக்கம் களத்தில் மனுசர்கள் இருந்தார்கள். தன் வாயை அறுத்துப் போட்டால் தேவலை என்று இருந்தது. சாராயத்தை எதிர்த்து நின்றவன் அவன்; மலை போல நின்றான். அவனைச் சாய்த்தது சாராயம் இல்லை. அவள்தான். இதை அவள் யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

வண்டி பூட்டுகிற சத்தம் கேட்டது. "மாதி! வெத்தலை குடுக்க ஆளில்லையா?" என்று தர்மன் கூப்பிட்டான். காது குத்து வீட்டில் விருந்தாளியை வெற்றிலை பாக்குக் கொடுக்காமல் அனுப்பக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது. அவள் புருசன் தலையை மெதுவாக வைக்கோலில் இறக்கி வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பூண்டுக் கை பட்டுக் கண் எரிந்தது. அழுத கண்ணுக்கு அது ஒரு சாக்கு. தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஒவ்வொருவராக வந்து வெற்றிலை வாங்கினார்கள். குழம்பைப் புகழாத வாய் இல்லை. அண்ணன்கூடக் கோபம் தணிந்து, "பரவாயில்லே, மானத்தக் காப்பாத்திட்டே" என்றான். அவள், "போய்ட்டு வாங்கண்ணே" என்றாள். கடைசியாக மணியக்காரர் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தார்.

"பிரமாதம்மா. இப்படியொரு குழம்பு இந்த ஜில்லாவுல எவ வெப்பா! எங்க நஞ்சப்பனைக் காணோம்? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு பாத்தேன்."

மாதம்மாள் சிரித்தாள். கடைகள் திறந்திருந்த காலத்தில் இந்த வாசலில் நின்று, கடன்காரனிடமும் சொந்தக்காரனிடமும் பஞ்சாயத்துக்காரனிடமும் அவள் தினம் தினம் சொன்ன பொய் ஒன்று இருந்தது. அது மறந்து போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தது.

"படுத்திருக்காருங்க. ஒடம்பு அலுப்பு. காலையிலிருந்து ஒரே அலைச்சலுங்க."